சந்தனம் வைத்த துப்பாக்கி

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் தட்டிப் பார்க்கிறவனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பானையைத் தட்டலாம், பலாப்பழத்தைத் தட்டலாம். நான் துப்பாக்கியைத் தட்டிப் பார்க்கிறவனாக இருந்தேன். கட்டையை விரல் முட்டியால் தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்டு, "ம்ம்..." என்று ஒரு முனகல் முனகுவேன். சுற்றி நிற்பவர்கள் வாயடைத்துப் போவார்கள். (அந்த 'ம்ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை, தப்பித்தேன்.)

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் சித்தூர் ஜில்லா மதராஸ் மாகாணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பதியில் ஒரு கடையில் எனக்குக் குமாஸ்தா வேலை. முன்பக்கம் பூட்டு, லாந்தர், சைக்கிள் சாமான். பின்பக்கம் லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கி, தோட்டா. பள்ளிக்கூடம் என்னை நாலாம் வகுப்போடு அனுப்பிவிட்டது. மீதிப் படிப்பைக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன். வேட்டைக்குப் போகிறவர்கள், பென்ஷன் வாங்குகிற பட்டாளத்துக்காரர்கள், எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். "துப்பாக்கின்னா கல்யாணப் பொண்ணு மாதிரி தோள்ல சாயணும்பா" என்பார் ஒருவர். இன்னொருவர், "தாழ்ப்பா சத்தத்துலயே சொல்லிடுவேன், இது வூட்டுக்கு ஆவுமா ஆவாதான்னு" என்பார். நான் இரண்டையும் சேர்த்து மூன்றாமவரிடம் விற்றுவிடுவேன். நான் சொந்தமாகச் சுட்டது என்றால் தீபாவளிக்குப் பொட்டு வெடி. அதையும் கல்லை வைத்துத்தான்.

கார்வேட்டிநகரம் பக்கத்தில் என் அம்மாவின் அண்ணன் முனிரத்தினம் மாமா நிலக்கடலை போட்டிருந்தார். காட்டுப்பன்றிகள் வந்து உழுத மாதிரி தோண்டித் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து கடைசியில் ஒரு லைசென்ஸ் வாங்கிவிட்டார். அதுவரை அவர் கையாண்டது அந்த ஊர் ஜமீனின் பழைய மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதான். இப்போது வேண்டியது, தாழ்ப்பாளைத் திறந்து தோட்டாவைப் போட்டு மூடுகிற கம்பெனித் துப்பாக்கி. அதுவும் விலை குறைந்ததாக.

மாமாவுக்கு மங்கா என்று ஒரு மகள் இருந்தாள். அவளை எனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு ரொம்ப நாளாக ஊறிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் மாமா சொல்லியனுப்பினார்: "உன் புள்ள துப்பாக்கில புலியாமே. எனக்கு ஒண்ணு பாத்து குடுக்கட்டும். ஒரு துப்பாக்கியப் பாத்து சொல்லத் தெரிஞ்சவன், எம்பொண்ணயும் பாத்துக்குவான்."

ஆக, என் கல்யாணம் ஒரு குழலின் நுனியில் தொங்கியது.

முதலாளியிடம் கெஞ்சி, அவர் விற்கிறதிலேயே மலிவான இரண்டு துப்பாக்கிகளை, வேண்டாததைத் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாட்டில், காகிதமெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். புத்தூரில் இறங்கி மாட்டு வண்டி. ஜரிகை வேட்டி, கோட்டு, தலையில் அரை வீசை எண்ணெய். வண்டிக்காரர், "கல்யாணமா சாமி?" என்று கேட்டார். "பரீட்சை" என்றேன்.

மாமா வீட்டு வாசலில் ஊரே நின்றது. நான் இரண்டையும் கட்டிலில் கிடத்திவிட்டு வித்தையை ஆரம்பித்தேன். தட்டினேன். கேட்டேன். முனகினேன். குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன் (வானம் தெரிந்தது). ஒன்றின் கட்டை மங்கலாக, அழுதுவடிகிற மாதிரி இருந்தது. இன்னொன்று பளபளவென்று மெருகேறி, தாழ்ப்பாள் வெண்ணெயில் போகிற மாதிரி போய் "க்ளிக்" என்றது. அந்த 'க்ளிக்'கில் நான் விழுந்துவிட்டேன்.

"மாமா, இதுதான். சுட்டுப் பார்க்கவே வேண்டாம்."

"இன்னாடா சுட்டுப் பாக்க வேணாம்ன்ற? மாட்டையே பல்லப் புடிச்சுப் பாத்துதான் வாங்கறோம்" என்றார் மாமா.

அதற்குள் அத்தை தட்டோடு வந்துவிட்டார். வண்டியோ கலப்பையோ சைக்கிளோ, வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த வீட்டில் தொடமாட்டார்கள். "எதுக்குப்பா வெக்கணும்?" என்று என்னைக் கேட்டார். வருங்கால மாமியார் கேட்கிறார்! நானே தட்டை வாங்கினேன். பளபளப்புத் துப்பாக்கியின் கட்டையில் ஒரு பொட்டு, தாழ்ப்பாளில் ஒரு பொட்டு. குழலின் நுனியில், மேல்புறம், நெல் மணி அளவுக்கு ஒரு குறிமுள் நிற்கும். குறி பார்க்கிறவன் பின்னாலிருக்கும் பள்ளத்தின் வழியே அந்த முள்ளைத்தான் பார்ப்பான். வண்டி என்றால் நுகத்தடிக்கு வைப்போம், மாடு என்றால் கொம்புக்கு வைப்போம், துப்பாக்கிக்குத் தலை இதுதானே என்று அந்த முள்ளின் மேல் கெட்டிச் சந்தனமாக எடுத்து ஒரு கோபுரமே கட்டினேன். உச்சியில் குங்குமம்.

"பாரேன், எவ்ளோ பக்தி" என்றார் அத்தை. கதவோரம் மங்கா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

வெயிலில் அந்தச் சந்தனம் காய்ந்து சிமெண்டு ஆகிவிட்டது.

ஏரிக்கரை மண்மேட்டில் ஒரு பழைய முறத்தைச் சாத்தி, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். சுடுவது மாமா, தீர்ப்பு நான். முதலில் அழுமூஞ்சித் துப்பாக்கி. ஐந்து தோட்டாவும் முறம் முழுக்கச் சிதறி, ஒன்று மட்டும் சுண்ணாம்பில் பட்டது. கூட்டம் கைதட்டியது. அடுத்து என் துப்பாக்கி. மாமா குறி பார்த்துவிட்டு, "முள்ளு மஞ்சளா நல்லா தெரியுதுடா" என்றார்.

"சீமையில் விலை உசந்த துப்பாக்கிக்கு முனையில் தந்தம் வைப்பார்கள் மாமா. அதே தத்துவம்" என்று அவிழ்த்துவிட்டேன்.

ஐந்தும் சுட்டார். போய்ப் பார்த்தால் சுண்ணாம்பு வட்டம் கன்னி கழியாமல் இருந்தது. ஐந்து ஓட்டையும் வட்டத்துக்கு ஒன்றரை சாண் கீழே, ஒரு எலுமிச்சம்பழத்தால் மூடிவிடலாம் என்கிற மாதிரி ஒட்டி ஒட்டி.

இப்போது உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், மலிவுத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் யாராவது இருந்தால் உதவும். நடுவில் படுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்துக்குப் போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே இடத்துக்குப் போனால் அந்த இடத்தை நகர்த்திக்கொள்ளலாம். சிதறுகிறதை யாராலும் கூட்டிச் சேர்க்க முடியாது. மெருகும் 'க்ளிக்'கும் தச்சன் புத்தி, எண்ணெய் புண்ணியம். இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மங்கா கை நழுவிப் போகிறாள் என்பதுதான்.

மாமா, "அஞ்சும் ஒரே வூட்டுக்குள்ள பூந்துக்கிதே, ஆனா பக்கத்து வூடா பூடுச்சே" என்று தாடையைச் சொறிந்தார்.

"ஒரு நிமிஷம் மாமா!" பின்னாலிருக்கும் அந்தப் பள்ளத்தைத் தாங்கும் தகட்டைத் தூக்கித் தூக்கி வைக்கலாம், தூரத்தில் இருப்பதைச் சுட அது; ஏற்ற ஏற்றக் குண்டு மேலே போகும். அதை இருக்கிற உச்சத்துக்கே ஏற்றிவிட்டேன். மாமா சுட்டார். சுண்ணாம்பு நடுவில் ஓட்டை. இன்னொன்று. அதுவும் நடுவில்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. பக்கத்து நிலத்து ரெட்டியார், "பலே பாபு!" என்று என் முதுகில் ஓங்கி அடித்தார். அன்றைக்கு எனக்கு மூன்று முறை சோறு போட்டார் அத்தை.

மறுநாள் விடியற்காலை பன்றி வந்தது. தனி ஆண், எருமைக்கன்று உயரம். மாமா வரப்பில் படுத்துக் குறி பார்த்தார். எதிரே ஆள் நடமாட்டம் இல்லை. தள்ளி மேட்டில் ரெட்டியாரின் கிணறும், நீர் இறைக்கும் தகரச் சால் சட்டத்தில் தொங்குவதும் மட்டும் தெரிந்தது. நான் ஜரிகை வேட்டியோடு பின்னால் நின்று, "தைரியமா அடிங்க மாமா, நான் பாத்துக் குடுத்தது" என்று காதில் ஓதினேன்.

வெடித்தது. பன்றி கடலையை மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது. மேட்டிலிருந்து "டணார்" என்று கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ரெட்டியாரின் சாலில் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை.

பன்றி மலைப்பக்கம் ஓடியிருக்கலாம். எங்கள் பக்கம் ஓடிவந்தது. மாமா வரப்போடு வரப்பாக ஒட்டிக்கொண்டார். நான் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது, பார்க்கிறபோது மரத்தின் மேல் இருந்தேன். அது வேலமரம். உடம்பில் முள் குத்தாத இடம் என்று பார்த்தால் தலைமுடி ஒன்றுதான். வேட்டியின் பாதி என்னோடு வரவில்லை. கீழ்க்கிளையில் கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது. பன்றி என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டது. அந்த அவமானம் தனி.

ரெட்டியார் கத்திக்கொண்டே ஓடி வந்தார்: "எவுரய்யா நா சாலு கொட்டிந்தி! முனிரத்தினம், பன்னியச் சுடுன்னா என் சாலச் சுடறியே!"

"நான் இன்னா பண்றது? அதோ மேல குந்திக்கினு கீறானே, அந்தப் புலியக் கேளு" என்றார் மாமா.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்தா மங்கா கூழ்ச் சட்டியோடு வர வேண்டும்!

"குழல் கோணல் மாமா! ராத்திரியில் வளைந்துவிட்டது! பனியில் இரும்பு..." என்று மேலிருந்து பிரசங்கம் செய்தேன். கீழிருந்து பார்ப்பவர்களுக்கு என் முகத்தைத் தவிர எல்லாம் தெரிந்திருக்கும்.

"அந்தத் துப்பாக்கி வாணாம்டா. நீயும் வாணாம். எறங்கி வந்து ரெண்டையும் தூக்கிக்கினு ரயிலேறு" என்றார் மாமா.

மங்கா சட்டியை இறக்கி வைத்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நைனா, நேத்து சாயந்தரம் எண்ண போட்டு தொடைக்க சொன்னியே, நான் முள்ளு மேல இருந்த சந்தனத்த சொரண்டி எடுத்துட்டேன். நேத்து சந்தனத்தோட சுட்ட, முள்ளு ஒசரமாயி குண்டு கீழ போச்சு. இன்னிக்கு சந்தனம் இல்லாம சுட்ட. முள்ளு குட்டையா பூடுச்சு, பின்னால இவரு ஏத்துன தகடு மட்டும் அப்டியே கீது. மேல போவாம எங்க போவும்?"

மாமா குனிந்து குறிமுள்ளைத் தடவிப் பார்த்தார். எனக்கு மேலிருந்து பேச வேண்டும் போல் இருந்தது, முள் விடவில்லை.

மாமா தகட்டைக் கடைசிவரை இறக்கினார். ஏரிக்கரை முறத்தில் ஒரு புதுச் சுண்ணாம்பு வட்டம். ஐந்து தோட்டா. நான் மரத்திலிருந்தே வெடிச் சத்தத்தை எண்ணினேன். முறத்தை மரத்தடிக்கே தூக்கி வந்தார்கள். ஐந்தும் வட்டத்துக்குள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அந்த விலைக்கு அப்படி ஒரு துப்பாக்கி மாகாணத்திலேயே கிடையாது என்று ரெட்டியாரே சாலை மறந்துவிட்டுச் சொன்னார். ஆக, நான் தேர்ந்தெடுத்தது சரிதான். தேர்ந்தெடுத்த காரணங்கள் மட்டும் எல்லாமே தப்பு.

மாமா மரத்தடிக்கு வந்து நின்றார். அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"துப்பாக்கி நல்லாத்தான் கீது. கொண்டாந்தவனுக்குத்தான் முள்ளு ஒசரமா நிக்குது. மங்கா, உன்னால சொரண்ட முடியுமா?"

"நாளாவும் நைனா" என்றாள் மங்கா. "ஆனா முடியும்."

என் கல்யாணம் நிச்சயமானது அப்படித்தான். வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு முன்னால் ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது.

முகூர்த்தத்தன்று மணையில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை பக்தியோடு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் நெற்றியை நோக்கி வருகிறார். பந்தல் முழுக்கச் சனம். மாமா அந்தக் கோடியிலிருந்து கத்தினார்: "இந்தாமே, கொஞ்சமா வைய்யி! அப்பறம் தாலி கட்டச் சொல்லோ குறி தப்பி ரெட்டியாரு கழுத்துல கட்டிடப் போறான்!"

நாதசுரக்காரர் சிரித்துப் பீப்பீயென்று சுதி விட்டுவிட்டார். எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் எந்தக் கல்யாணமானாலும், மாப்பிள்ளைக்குச் சந்தனம் வைக்கிற நேரத்தில் பந்தலில் யாராவது ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ரெட்டியார தள்ளி உக்கார சொல்லுங்கப்பா" என்பார்கள். முதலில் சிரிக்கிறவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். இன்னும் சுரண்டி முடிக்கவில்லையாம்.