கேஷானிக்குச் சாய்மானம் பூட்டிய படலம்

வாழ்க ஜெசிந்தன்! ஹாலிஎல மேட்டுத் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளாம் லயத்திலே பிறந்து, பதுளை நகரத்துச் சந்தொன்றிலே கைப்பேசி பழுதுபார்க்கும் பெருந்தொழில் புரிந்து, எள்ளினும் சிறிய திருகாணிகளை இமையாது நோக்கிக் கழற்றவல்ல கூர்விழிக் குமரன், மலையேத்தமெல்லாம் இரண்டாம் கியரில் வென்ற இருசக்கரப் புரவியாளன், தன் கைத்திறத்தின்மீது தானே தீராக் காதல் கொண்ட தகைமையாளன் வாழ்க! அவன் போர்த்திறம் பாடப் புகுகின்றோம். தமிழன்னையே, வந்து நாவில் அமர்க. வரும்போது பெரிய பெரிய சொற்களாகப் பார்த்து எடுத்து வருக, ஏனென்றால் சொல்லப்போகிற விஷயம் ரொம்பச் சின்னது.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். போன மழைக்காலத்தில் ஒரு விடிகாலை, கேஷானி என்னும் தன் இல்லத்தரசியைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு, தொழிற்சாலை ஏத்தத்தில் அவன் தன் புரவியை முறுக்கியபோது, புரவி முன்னே பாய்ந்தது, அரசி பின்னே போனாள். பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்கு வந்து வரிசையாய் நின்ற ஆண்களும் பெண்களும் கங்காணியும் ஒருசேரப் பார்த்திருக்க, ரோட்டோரத்து வடிகாலாம் கானுக்குள், சேற்றுத் தண்ணீரில், அரியணை ஏறிய கோலத்தில் வீற்றிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை, அடி முழுவதும் மானத்தில்தான். அதைவிடக் கொடுமை, நம் நாயகனுக்கு இது தெரியவே தெரியாது. புதிதாய் வந்த ஒரு போனின் அருமை பெருமைகளை அவளுக்கு விளக்கிக்கொண்டே சந்தி வரைக்கும் போய்விட்டான். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம்.

அன்று சேறு சொட்டச் சொட்ட நின்று கேஷானி உரைத்த சபதம் இது: "முதுகுக்கு ஒரு பிடிப்பு இல்லாம இனிமே இந்த பைக்குல ஏறுனா நான் கேஷானியே இல்ல. சொல்லிட்டேன்."

சொன்னதோடு நின்றாளா? இல்லை. அவளுடைய அண்ணன் ஜீவராஜுக்கு ஓட்டோ ஒன்று உண்டு. அந்த முச்சக்கரத் தேரிலே தங்கை ஒய்யாரமாய்ச் சாய்ந்து கோயில் பூசைக்கும் கடைத்தெருவுக்கும் போக, கட்டிய கணவன் பின்னால் தனியே பைக்கில் அதன் புகையைக் குடித்தபடி தொடர்ந்தான். "மச்சான், மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று ஜீவராஜ் கண்ணாடி வழியே பல்லைக் காட்டுவான். பொய் எதற்கு, நம் வீரனுக்கு வெறும் இருக்கையோடு போகும்போது சில நாள் அழுகையே வந்தது. பேசினால் கேட்க ஆளில்லாத பைக் ஒரு பைக்கா! இந்நிலையில்தான் லுணுகலையில் கேஷானியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. சாதி சனம் அத்தனையும் கூடும் இடத்தில் மறுபடியும் ஓட்டோவுக்குப் பின்னால் காவல் வண்டி மாதிரிப் போய் இறங்குவதா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை என்று அவன் மீசை துடித்தது.

ஆகவே கல்யாணத்துக்கு முந்திய நாள், பதுளையில் பாறூக் நானாவின் உதிரிப்பாகக் கடையிலே, கருந்தோல் போர்த்த, பஞ்சு பொதிந்த, விசையைத் தட்டினால் தன் தாங்கியிலிருந்து தனியே கழன்றுவரும் அற்புதச் சாய்மானம் ஒன்றை அவன் கைப்பற்றினான். "நம்ம பெடியன் ஒராள் இரிக்கான், பூட்டித் தரச் சொல்லவா தம்பி?" என்று கேட்டார் நானா. ஜெசிந்தன் நகைத்தான். "நாங்க பாக்காத நட்டா, நானா?" அந்த நகைப்பைக் கேட்டு விதி என்பவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

லயத்து வாசலே களமாயிற்று. பக்கத்துக் காம்பரா வீட்டு அழகையாண்ணன் இரவல் தந்த ஸ்பேனரை உயர்த்தி, "துருவேறிய போல்ட்டுகளே, என் கைவண்ணம் காண்பீர்!" என்று மனத்துக்குள் முழங்கி, பைக்கின் பின்கைபிடியை இறுக்கியிருந்த பழைய போல்ட்டுகளின்மேல் பாய்ந்தான். அவையோ கம்பனியில் பூட்டிய நாள்முதல் கழற்றப்படாத மானமுள்ள போல்ட்டுகள். அசைவேனா என்றன. வலப்புறம் திருகினான், இடப்புறம் திருகினான், தேங்காயெண்ணெய் விட்டுத் திருகினான், மாதாவே என்று கூவித் திருகினான். ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டியின் தோல் உரிந்து, செங்குருதி சிந்திற்று. வீரர் மார்பில் ஏற்கும் விழுப்புண்ணை நம் வீரன் விரல் முட்டியில் ஏற்றான், வாய்க்குள் வைத்துச் சப்பினான், மீண்டும் பொருதான். போல்ட்டுகள் கழன்றன. கழன்ற வேகத்தில் நட்டு ஒன்று எகிறிக் குதித்து, வாசலில் உருண்டு, நேரே லயத்துக் கானுக்குள் போயிற்று. இந்தக் குடும்பத்துக்கும் கான்களுக்கும் என்ன பொருத்தமோ தெரியவில்லை.

அவன் நெடுஞ்சாண்கிடையாய்க் கிடந்து முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவ, மழையும் வந்து சேர்ந்தது. பற்பசை மூடி வந்தது, பாதிச் சீப்பு வந்தது, கடைசியில் நட்டும் வந்தது. மழையோடு மழையாக நான்கு மூலையும் முறுக்கிப் பூட்டி, நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து, உலகை வென்றவனாய் நின்றான்.

வாசற்படியில் பீடி குடித்துக்கொண்டிருந்த அழகையாண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி," என்றார், "அது பின்னால வர்ற பஸ்ஸு சாஞ்சுக்கிறதுக்கா?"

ஐயகோ! மெத்தென்ற பக்கம் புறமுதுகு காட்டி, உலகத்தாரையெல்லாம் வரவேற்றபடி நின்றது. பூட்டிய அத்தனையையும் ஒவ்வொன்றாய்க் கழற்றி, தாங்கியோடு தூக்கி எடுத்து மடியில் வைத்தபோது, கட்டைவிரல் எதையோ தட்டிற்று. டிக் என்ற ஒலியோடு சாய்மானம் மட்டும் தனியே கையில் வந்தது. அந்த விசையைத் தட்டித் திருப்பிச் செருகியிருந்தால் போதும், ஒரு போல்ட்டைக் கூடத் தொட்டிருக்க வேண்டாம். தனியே கழன்றுவரும் என்பதற்காகத்தானே அதை வாங்கினான்! கைப்பேசி உலகத்துக் கூர்விழிக் குமரன் மழையில் உட்கார்ந்து, தன்னைத் தானே வாய்விட்டு ஏசிக்கொண்டான். அதில் சில சொற்கள் காவியத்தில் சேர்க்கத் தக்கவை அல்ல.

ஆயினும் வென்றான். விளக்கு வைக்கும் நேரத்தில் சாய்மானம் மலைபோல் நின்றது. அடித்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், தானே பின்னிருக்கையில் ஏறிச் சாய்ந்தும் பார்த்தான். அந்தச் செருக்கோடு மச்சானுக்குப் போன் போட்டு, "நாளைக்கு ஓட்டோ வேணாம். எங்க வீட்டம்மா எங்கூடத்தான் வருவா" என்று முரசறைந்தான். "அப்ப நான் வேற ஆளுங்கள ஏத்திக்கிறேன் மச்சான். அப்புறம் கேக்கப்படாது" என்றான் ஜீவராஜ். திரும்பிப் போகப் பாலம் இல்லை.

பொழுது விடிந்தது, ஞாயிறு. பெரட்டு இல்லாத நாள் என்பதால் பெரட்டுக்கு வரும் முகங்களெல்லாம் லயத்து வாசல்களில் இருந்தன. ஜெசிந்தன் கோட்டு அணிந்து, தலைக்கவசம் தரித்து, வழக்கம்போல் காலைப் பின்புறமாய் வீசி ஏறப்போக, அந்தக் கால் நேரே சாய்மானத்தில் போய் மோதிற்று. பைக்கும் அவனும் சாயப்போய்ச் சுதாரித்தார்கள். சிரிப்பொலி லயத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடி போயிற்று. அப்போது கேஷானி வந்தாள். சேலை கட்டி வந்தாள்.

கல்யாணத்துக்குச் சேலை கட்டாமல் வேறென்ன கட்டுவாள்? சேலை கட்டினால் ஒருபக்கமாய் உட்காராமல் வேறெப்படி உட்காருவாள்? கானில் விழுந்த நாளில் சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டிருந்தாள், அதை வைத்துத்தான் இவன் கணக்குப் போட்டான். இப்போது அவள் ஒருபக்கமாய் ஏறி அமர்ந்தாள். சாய்மானம் அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் சும்மா நின்றது. முதுகுக்குப் பின்னால் தேயிலை மலையும் ஆகாயமும்தான் இருந்தன.

கண்ணாடியில் இதை ஜெசிந்தன் கண்டான். இறங்கிவிடுவாள். ஓட்டோவும் இல்லை. இனி இந்தப் பைக்கில் என்றைக்குமே ஏறமாட்டாள்.

கேஷானி முழங்கைக்குப் பக்கத்தில் பார்த்தாள். அவன் விரல் முட்டியில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். "இதுக்கா நேத்துப் பூரா மழையில கெடந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவன் காதுக்கு மட்டும் சொன்னாள்: "ஒண்ணு சொல்றேன், ஏசக்கூடாது. அன்னைக்கு உங்க இடுப்பத்தான் நல்லாப் புடிச்சிருந்தேன். பெரட்டுல அத்தன பேரும் பாக்குறாங்களேன்னு வெக்கமாப் போச்சு, கைய எடுத்துட்டேன். அதான் விழுந்தேன்."

தமிழன்னை இதுவரை கொண்டு வந்த பெருஞ்சொற்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவன் கிக்கரை உதைத்தான். லயத்து வாசல்களில் அத்தனை பேரும் பார்த்திருக்க, அவள் கை வந்து அவன் இடுப்பைச் சுற்றிற்று. புரவி உறுமிற்று, தொழிற்சாலை ஏத்தம் எதிர்த்தது, பெரட்டுக்களம் வந்தது, போயிற்று. அந்தக் கை எடுபடவில்லை. இனி, குருதி சிந்திக் கொண்டதும், கானில் துழாவிக் காத்ததும், ஒருமுறை முன்பின்னாகவும் மறுமுறை நேராகவும் நாட்டப்பெற்றதும், மச்சானின் முச்சக்கரத் தேரையே புறங்கண்டதுமாகிய அந்தக் கருந்தோல் சாய்மானத்தின் பெருமை யாதெனக் கேட்பீராயின்:

கேஷானி அதில் ஹேண்ட்பேக்கை மாட்டியிருந்தாள்.