பை காத்த பிள்ளையும் வெளிய சாரும்

அரியலூர் ஜில்லாவிலேயே கூரையை இவ்வளவு வெறுத்த மனுஷன் வெளிய சார் ஒருவராகத்தான் இருக்கும். வாலிகண்டபுரம் பக்கத்திலிருந்து திருமானூர் அருகே எங்கள் நடுநிலைப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த அறிவியல் வாத்தியார். வகுப்பு வாசலில் கால் வைத்ததும் "எல்லாம் வெளிய வாங்கடா!" என்பார். அதனால் முதல் வாரத்திலேயே அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோயிற்று.

நான் அங்கே கணக்கு டீச்சர். என் ஜன்னலுக்கு நேரே வேப்பமரத்தடியில் அவர் பாடம் நடக்கும். பின்னத்தைப் பற்றி நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். என் பிள்ளைகளின் கண்ணெல்லாம் அவர் காட்டும் ஓணான் மேல் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் காக்கா எச்சம் விழுந்த சட்டையோடு வந்து ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்.

குறும்பு பண்ணுகிற பையனை நாங்கள் வெளியே நிறுத்துவோம். அவர் தலைகீழ். "போடா, உள்ள போய் ஃபேனுக்கு அடியில உக்காரு!" என்று விரட்டுவார். தடிமாடு மாதிரி வளர்ந்த பையன்கள்கூட "சார் சார், இனிமே பண்ண மாட்டேன் சார்" என்று அழுவார்கள்.

இந்தக் கிறுக்கு இருந்ததால்தான் எங்கள் யார் கண்ணுக்கும் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஏழாம் வகுப்பு மலர்விழிக்குப் பிறவியிலேயே கால் விளங்காது. காலையில் அவள் அம்மா முதுகில் சுமந்து வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுவாள். அவளுக்கென்று வந்த சக்கர நாற்காலியில் சத்துணவு அரிசி மூட்டை ஊர்வலம் போகும். விளையாட்டு, சுற்றுலா, எது வந்தாலும் எங்கள் பள்ளியின் வழக்கம் ஒன்றுதான். எல்லோரும் போவார்கள், மலர் பை காப்பாள்.

"அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு டீச்சர்?" என்று வெளிய சார் கேட்டார்.

"தப்பா? அது பையப் பாத்துக்கும் சார். நடக்க முடியாதுல்ல, பாவம்."

"நான் தப்பு பண்றவனத்தான் உள்ள உக்கார வைக்கிறேன். இது ஒண்ணும் பண்ணாம டெய்லி உக்காந்துருக்கு. பைய நாய் தூக்கிட்டுப் போவட்டும் டீச்சர்!"

அன்றே மூட்டையை இறக்கி, சமையல்கார அம்மாவிடம் வண்டி வண்டியாக வாங்கிக்கட்டிக்கொண்டு, மலரை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

தை பிறந்தால் வெளியூர் கான்வென்ட் பிள்ளைகள் ஏசி பஸ்ஸில் பைனாகுலரோடு கரைவெட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போவார்கள். எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் போவார்கள். எங்கள் பிள்ளைகள் கையாட்டுவதோடு சரி. நாமும் போவோம் என்றார் வெளிய சார். "ஆனா போனா எல்லாரும். இல்லன்னா ஒருத்தரும் இல்ல."

அங்கே பிடித்தது சனி. "படியில தூக்கி ஏத்தி ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?" என்று வேன்காரர்கள் கைவிரித்தார்கள். "அந்தப் புள்ளய விட்டுட்டுப் போங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றார் ஹெச்.எம். இவர் அசையவில்லை. தன் மொபெட்டின் பின்னால் ஒரு நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து, "டீச்சர், ஒரு ரவுண்டு உக்காந்து பாருங்களேன்" என்றார்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு சார்."

அரிசி மூட்டையைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். வாத்தியாரும் மூட்டையும் வாய்க்காலில் கிடந்தார்கள்.

தை போச்சு, மாசி போச்சு. பிள்ளைகள் மலரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டோடு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "நான் பையப் பாத்துக்கறேன் சார். நீங்கள்லாம் போயிட்டு வாங்க." அதைக் கேட்டதும் அந்த மனுஷன் முகம் கறுத்துப் போச்சு.

சித்திரையில், பள்ளி மூடுவதற்கு முன்னால், ஒரு குட்டியானை லோடு வண்டிக்காரர் இரங்கினார். பின்னால் பலகையைச் சாய்த்து நாற்காலியோடு மலரை ஏற்றினோம். எல்லோரும் போனோம், நானும்தான்.

ஏரியில் தண்ணீர் இல்லை. பாளம் பாளமாய் வெடித்த சேறு, தூரத்தில் நாலு மாடு. சீசன் முடிந்தால் பறவை போய்விடும் என்று அறிவியல் வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். வீம்பில் மாதத்தை மறந்திருந்தார்.

"எல்லாம் இவளாலதான்!" என்று ஒரு பையன் கத்தினான். வெளிய சார் கரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னைய உள்ள எறக்கி விடுங்க டீச்சர்" என்றாள் மலர். இறக்கினேன். இரண்டு கையையும் ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, ஏரிக்குள்ளே தவழ்ந்து போனாள். யாரும் கூடப் போகவில்லை. போனவள் ஓரிடத்தில் சட்டென்று தவழ்வதை நிறுத்தி, "சார்! இங்க நின்னுருக்கு சார்!" என்று கூவினாள். காய்ந்த சேற்றில், அவள் உள்ளங்கையைவிடப் பெரிய பறவைக் கால்தடம். முதலில் ஓடியது, கத்தின அந்தப் பையன்தான்.

சரக்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றினார் என்று அந்தக் கோடை விடுமுறையிலேயே அவரை வேப்பந்தட்டைப் பக்கம் தூக்கியடித்தார்கள். அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் எங்களிடம் எட்டு முடித்துப் போன இடத்தில், உயர்நிலைப்பள்ளியில், ஒன்பதாம் வகுப்பை மாடியில் வைத்து மலரை வீட்டோடு உட்கார வைத்தவர்களை யாரும் எங்கேயும் மாற்றவில்லை.

ஞாயிறு காலையில் அவரிடமிருந்து போன் வரும். நலமா கிலமா எதுவும் கிடையாது.

"மலரு வெளிய போச்சா?"

"போச்சு சார். நாந்தான் தள்ளிட்டுப் போனேன்."

"எவ்ளோ தூரம்?"

"கொள்ளிடக் கரை வரைக்கும்."

"அவ்ளோதானா? ஆத்துல எறக்கல? உங்களுக்கெல்லாம் என்ன கேடு டீச்சர்!"

போன மாதம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று மலரை ஆற்றில் இறக்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாள். "சார்கிட்ட சொல்லிடுங்க டீச்சர்" என்றாள். அவர் போன சேதியை அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்கிறேன் என்றேன். என்னைத் திட்டுவதற்காவது அந்த ஆள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.