போர்வைக்கடியில் பேசிய பெட்டி

ஈஸ்டர் வரைக்கும் ஸ்கேனர் ரேடியோவைத் தொடுவதில்லை என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நார்பர்ட் சபதம் செய்தார். நெற்றியில் சாம்பல், குரலில் கனம், அரை டஜன் சாட்சிகள். தீயணைப்பு வண்டி, ஷெரிஃப், ஆம்புலன்ஸ் என்று மாவட்டத்தில் யார் யாரோடு வயர்லெஸ்ஸில் பேசினாலும் ஒட்டுக்கேட்கும் பெட்டி அது. பதினெட்டு வருஷமாக அவருக்கு அதுதான் காலைக் காப்பி, மாலை ஜெபம் எல்லாம்.

"நாப்பது நாள் தாங்குவியா?" என்று கேட்டாள் மனைவி வெர்னா.

"நீ நாப்பது நாள் போன்ல ஊர்வம்பு பேசாம இருந்துடுவியா?"

"இருப்பேன்."

"அப்ப நானும் இருப்பேன். நீ தோத்தா கோடை முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு மீன் வறுத்துத் தரணும்."

"நீ தோத்தா அந்தப் பெட்டி கோவில் பழைய சாமான் விற்பனைக்குப் போகணும்."

நார்பர்ட் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருந்தாலும் கை கொடுத்தார். பெட்டியை நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பழைய போர்வையால் மூடினார்கள். ஈஸ்டர் வரை அவர் அந்தப் படி இறங்கக் கூடாது.

பத்தாம் நாள் தீயணைப்பு வண்டி சைரன் போட்டுக்கொண்டு வீட்டைக் கடந்து போனது. யார் வீடு, அடுப்பா, புகைபோக்கியா, ஒன்றும் தெரியவில்லை. அன்று மனிதர் சாப்பிட்ட உருளைக்கிழங்கில் உப்பு இருந்ததா என்றுகூட அவருக்குத் தெரியாது. மறுநாளே ஒரு தொடுதிரைக்கு ஆர்டர் கொடுத்தார். ஸ்கேனர் ஓர் இடத்தில் இருக்கும். கையகலத் திரை வேறோர் இடத்தில் இருக்கும். நடுவில் ஒரு கம்பி. பெட்டியை அவர் தொடப்போவதில்லை, திரையைத்தானே தொடப்போகிறார். இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று பாதிரியாரே வந்தாலும் காட்டட்டும்.

"பார்சல்ல என்ன?" என்றாள் வெர்னா.

"புல்வெட்டி மெஷினுக்கு ஒரு பாகம்."

"வெளியில முழங்கால் அளவு பனி கிடக்கு நார்பர்ட்."

"அதனாலதான் இப்பவே சரி பண்றேன். புல்லு வளந்தப்புறம் பண்ணுறவன் சோம்பேறி."

ஆனால் கம்பியின் ஒரு முனையைப் பெட்டியில் சொருகித்தானே ஆகவேண்டும்? அதற்கும் வழி இருந்தது. தவக்காலத்தில் ஞாயிறு கணக்கில் சேராது என்பது எங்கள் விஸ்கான்சின் மாநிலத்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவரும் சட்டம். சாக்லேட்டை விட்டவன் ஞாயிறன்று தின்பான், பீரை விட்டவன் குடிப்பான். ஞாயிறன்று நார்பர்ட் நிலவறைக்கு இறங்கினார்.

வெர்னா பாடகர் குழுவோடு கோவிலில் இருந்த நேரம் பார்த்துக் கம்பியைச் சொருகி, நிலவறை ஜன்னல் வழியாகக் கராஜுக்கு இழுத்து, பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் திரையை நிறுத்தினார். திரை விழித்தது. 'இணைப்பு இல்லை' என்றது. இந்த முனையை எடுத்து மாட்டினார், எண்களை மாற்றினார், கெஞ்சினார். திரை மனம் இரங்கவில்லை. கோளாறு கீழே இருந்தது, ஞாயிறோ முடிந்துவிட்டது. ஆறு நாள் ஒரு கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்தபடி கராஜில் குளிரில் உட்கார்ந்திருந்தார். வெர்னா சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் சொருகி முழுதாக உள்ளே போகவில்லை. ஓர் அழுத்து அழுத்தினார், 'டிக்' என்றது, பெட்டி உயிர் பெற்றது. அதே சமயம் வாசலில் வெர்னாவின் கார் சத்தம். போர்வையை மேலே வீசிவிட்டு ஓடிவந்தார்.

திரை பேசியது. காதில் இயர்போன் ஒயரை மாட்டிக்கொண்டு நார்பர்ட் சொர்க்கத்தில் உட்கார்ந்தார். யாருடைய பசு நெடுஞ்சாலையில் நிற்கிறது, யார் கார் பள்ளத்தில் இறங்கியது, எல்லாம் விரல் நுனியில். சந்தோஷத்தில் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. வீட்டில் துணி துவைப்பது அதிகமாகிவிட்டது. அவர் சட்டைகள் தினம் துவைக்கப்பட்டன. திரைச்சீலைகள் ஒரே வாரத்தில் இரண்டு முறை துவைக்கப்பட்டன. மனைவிக்குப் பொறுப்பு கூடிவிட்டது என்று நினைத்து நெகிழ்ந்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய், சாயங்காலம் நாலு மணி. தீயணைப்பு நிலையத்துக்கு அழைப்பு வந்தது. "புகைபோக்கித் தீ. மில் தெரு, வீட்டு எண்..."

திரை தானாகவே ஷெரிஃப் சேனலுக்குத் தாவியது.

நார்பர்ட் விரலால் இழுத்துப் பழைய இடத்தில் வைத்தார். "மறுபடி சொல்றேன், மில் தெரு..." என்ற குரலை நடுவில் நறுக்கிவிட்டு மறுபடியும் ஷெரிஃப். யாரோ வண்டி நிறுத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மில் தெருவில் அவருடைய தம்பி இருக்கிறார், சித்தப்பா மகன் இருக்கிறார், சீட்டாட்டக் கூட்டாளிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். எழுந்து வீட்டுக்குள் ஓடி, நிலவறைக் கதவைத் திறந்து, நாலு படி இறங்கிவிட்டார்.

கீழே வெர்னா துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். போர்வை அவள் மடியில். கை பெட்டியின் திருகில். மடிக்க வேண்டிய துண்டு ஒன்றுகூட மடிக்கப்படவில்லை.

"ஏன் ஷெரிஃபுக்கு மாத்தின?" என்று கத்தினார் நார்பர்ட்.

வெர்னா நிதானமாகத் திரும்பினாள். "மாத்தினது உனக்கு எப்படித் தெரியும்?"

நார்பர்ட் மேலே, கராஜ் பக்கம் பார்த்தார்.

"இந்தப் பெட்டி ரெண்டு வாரமா போர்வைக்கடியில பேசிட்டிருக்கு. மேல ஒரு திரையை மாட்டினா கீழ இருக்கறது ஊமையாயிடும்னு நெனச்சியா?" என்றாள் வெர்னா.

"நீயும்தான கேட்டிருக்க. உன் சபதம்?"

"நான் போன்ல பேச மாட்டேன்னேன். பேசல. துணி துவைக்கிறப்ப காதைப் பொத்திக்கிறேன்னு எங்கயும் சொல்லல."

"நானும் பெட்டியைத் தொடல."

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமை. எந்தப் படியில நிக்கிற, பாரு."

பார்த்தார். நாலாவது படி.

"யார் வீடு, அதையாவது சொல்லு," என்றார்.

"உன் தம்பி வீடு இல்ல. போய்ப் புல்வெட்டியைப் பாரு."

ஈஸ்டர் முடிந்த வாரம் நார்பர்ட் பெட்டியைத் தன் கையாலேயே கோவில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளையைத் தத்துக் கொடுக்கிறவர் மாதிரி மேஜையில் வைத்து, அதன்மேல் இருந்த தூசியைத் துடைத்தார். விற்பனையில் வேலை செய்கிறவர்கள் அதற்கு முந்தின நாளே தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பது கோவில் வழக்கம். விற்பனைக்குப் பொறுப்பு வெர்னா. ஒரு மூட்டை உருளைக்கிழங்கு விலையைப் போட்டு, தானே வாங்கிக்கொண்டாள்.

நார்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா வாங்கின?"

"எனக்கு. அந்தத் திரையைச் சமையலறையில மாட்டிக் கொடு, கீழ ஏறி இறங்க முட்டி வலிக்குது."

சனிக்கிழமை முழுக்க முட்டிபோட்டுக் கம்பி இழுத்தார். சொருகியை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினார். திரை முதல் தடவையிலேயே பேசியது. வெர்னா ஒயரைத் தன் காதில் மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருவம் உயர்ந்தது. கத்தி நின்றது.

"என்ன? யாருக்கு என்ன?" என்றார் நார்பர்ட்.

"வியாழக்கிழமை ஊர்ப் பேப்பர்ல வரும், படிச்சுக்கோ."