ஞோக்கி என்ற கோப்பைப் பற்றி மச்சானுக்கு ஒரு விளக்கம்

பைசாந்து,
ஜூன் 26, 2025

பெருமதிப்பிற்குரிய மச்சான் வாஷிங்டன் ஒலாசாபல் அவர்களுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளிக் குடியிருக்கும் தங்கை கணவன் நெல்சன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் இர்மாவும் சுகம். அங்கே நீங்கள் சுகம் என்பதை, இர்மா உங்களோடு போனில் பேசும்போது கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி.

ஒரே மருத்துவமனையில் நீங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் நான் கணினிப் பிரிவிலும் இருந்துகொண்டு, கடிதம் எழுதும் நிலை வந்ததே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரில் பார்த்தால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். போன வாரம் உணவறையில் நீங்கள்தான் எல்லோருக்கும் ஒரே குவளையில் மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். என் வலப்பக்கம் இருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குக் கொடுத்தீர்கள், அடுத்து என் இடப்பக்கம் இருந்த நர்ஸுக்குக் கொடுத்தீர்கள், நடுவில் வெறும் நாற்காலி கிடப்பதுபோல் குவளை என்னைத் தாண்டிப் போயிற்று. நான் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வருகிற ஞாயிறு இருபத்தொன்பதாம் தேதி. இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதியில், நீங்கள் உருளைக்கிழங்கைப் பிசைந்து உருட்டிய ஞோக்கியை உங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். ஏப்ரலிலும் மேயிலும் இர்மா மட்டும் வந்தாள். எனக்குக் கொஞ்சம் டப்பாவில் கொண்டுவரச் சொன்னேன். அதற்கு அவள், "எங்கண்ணன ஊரே பாக்க ஞோக்கின்னு எழுதிட்டு, அவர் செஞ்ச ஞோக்கிய வேற திங்கணுமா? ரொட்டி இருக்கு, சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். இந்த ஞாயிறும் ரொட்டிதானா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அதற்கு முன் என் தரப்பையும் கேட்டுவிடுங்கள்.

இருபத்தொன்பதாம் தேதி ஞோக்கிபோல், மாதக் கடைசியில் சம்பள நாளில் மட்டும் முகம் காட்டி மற்ற நாட்களில் வேலைப் பக்கமே வராத ஆளை நம் ஊரில் ஞோக்கி என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்காத உங்களை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருமா? சொல்லவில்லை. கணினி சொன்னது. கணினிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது நான் என்பது உண்மை. ஆனால் அது நடந்த விதம் வேறு.

வருடா வருடம் மொந்தெவிதேயோவிலிருந்து ஆய்வாளர் வருவார், ஞாபகம் இருக்கும். நோயாளிகளின் விவரம் பத்திரமாக இருக்கிறதா, கடவுச்சொல் நீளமாக இருக்கிறதா, நகல் எடுத்து வைக்கிறார்களா என்று காகிதத்தில் எழுதிவைத்த கேள்விகளோடு வந்து உட்காருவார். நாங்கள் மூன்று வாரம் நாற்பத்து மூன்று கணினிகளுக்கும் ஓடி ஓடிப் பதில் எழுதுவோம். அவர் பஸ் ஏறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சின்னச் சோதனையாக எழுதி, தினமும் காலையில் கணினியே கணினியைக் கேட்டுக்கொள்ளும்படி செய்தேன். நல்ல யோசனை. கெடுத்ததும் நான்தான். ஒவ்வொரு கணினிக்கும் அந்தச் சோதனைகளைத் தனித்தனியாக நகல் எடுத்து வைத்தேன். விதி ஒன்று மாறினால் நாற்பத்து மூன்று இடத்தில் மாற்ற வேண்டும். நான் நாற்பத்தோரு இடத்தில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

அப்போதுதான் ஃபியோரெல்லா வேலைக்குச் சேர்ந்தாள். ரிவேராவிலிருந்து வந்த பெண், என் மகளாக இருக்கும் வயது, நான் மேலதிகாரி என்பதை அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் நகல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாவு ஒண்ணுதானே, நெல்சன். சாஸுதான மாறுது. ஒவ்வொரு தட்டுக்கும் தனியா மாவு பிசைவீங்களா?" அன்றிலிருந்து எல்லோருக்கும் பொதுவான சோதனைகள் ஒரே கட்டாக ஒரே இடத்தில் இருக்கின்றன. உங்கள் கூடத்துக்கென்று ஒரு சின்னக் கோப்பு: பொதுக்கட்டு முழுவதையும் எடுத்துக்கொள், கூடத்துக்கான நான்கு சோதனைகளைச் சேர்த்துக்கொள். அவ்வளவுதான். விதி மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எக்ஸ்ரே பிரிவு, மருந்தகம் எல்லாவற்றுக்கும் அதே கட்டு.

ஆனால் எல்லோராலும் எல்லாச் சோதனையிலும் தேற முடியாதே. உங்கள் ரத்த இயந்திரத்தோடு வந்த பழைய கணினியை மாற்ற, இயந்திரத்தை விற்றவன் ஒப்புக்கொள்ளவில்லை. அது தினமும் சிவப்பு காட்டியது. அதனால் விலக்கு என்று ஒன்று வைத்தோம். எந்தச் சோதனை, என்ன காரணம், யார் பொறுப்பு, எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுத்தால் அதுவரை விட்டுவிடும். தேதி முடிந்தால் மறுபடி கேட்க வேண்டும். கடைசித் தேதி மறக்காமல் இருக்க எது நல்ல நாள் என்று யோசித்தோம். நம் ஊரில் யாருக்கும் மறக்காத தேதி ஒன்றுதான் உண்டு, வீட்டுக்கு வீடு ஞோக்கி வேகும் தேதி. எல்லா விலக்கும் இருபத்தொன்பதாம் தேதி முடியும் என்று வைத்து, அந்தக் கோப்புக்கு ஆசையாக ஞோக்கி என்று பெயர் போட்டேன். சத்தியமாக உங்கள் மேசையை நினைத்துக்கொண்டுதான் போட்டேன்.

அது ஏப்ரலில், எங்களைக் கேட்காமலே, இயக்குநரில் தொடங்கித் தோட்டக்காரர் வரை அறுபது பேருக்கு, கோப்பின் பெயரையே தலைப்பாகப் போட்டு அறிக்கை அனுப்பும் என்று யார் கண்டது? "இம்மாத ஞோக்கி: வாஷிங்டன் ஒலாசாபல், பரிசோதனைக் கூடம். காரணம்: பழையது, மாற்ற வழியில்லை." படித்துவிட்டு நானே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். நீங்கள் தாழ்வாரத்தில் என்னிடம் கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பழசு, மாத்த வழியில்ல. சரியாத்தான் எழுதியிருக்க, மாப்ள."

இரண்டு மாதம் ரொட்டி தின்றபடி யோசித்ததில் ஒன்று புரிந்தது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் ஏன் வந்தது? அந்த மாதம் கேட்டு வாங்கிய விலக்குகளை மட்டும்தான் அறிக்கை காட்டும். மாதா மாதம் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாடி ஏறிவந்து விலக்கு கேட்டவர் இந்த மருத்துவமனையிலேயே நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் சிவப்பைப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிடுகிறார்கள். எல்லாரும் நமக்கு நாமே விலக்கு கொடுத்துக்கொண்டுதான் வாழ்கிறோம், மச்சான். காரணத்தையும் கடைசித் தேதியையும் எழுதிக் கொடுக்கும் நாணயம் எத்தனை பேருக்கு இருக்கிறது? உங்களுக்கு இருக்கிறது. அதை அறுபது பேருக்கும் சொல்லியிருக்க வேண்டிய நான், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

கோப்பின் பெயரை "விலக்கு" என்று மாற்றிவிட்டேன். ஆனாலும் உரிமையோடு ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான். மச்சான் என்றும் பார்க்க முடியாது, மேலதிகாரி என்றும் பார்க்க முடியாது. என் மேசைக் கணினியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. ஆகவே ரத்த இயந்திரத்துக்குப் புதுக் கணினி கேட்டு இயக்குநருக்கு நீங்கள் கடுமையாக ஒரு கடிதம் எழுத வேண்டும். நானும் கூடக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆற்றங்காற்று கடுமையாக இருக்கிறது, முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் உங்கள் தக்காளிச் சாஸுக்கும் நீண்ட ஆயுள் வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் அன்புக்கு ஏங்கும்,
நெல்சன் பிதெகாயின்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஃபியோரெல்லா வந்து நின்றாள். பழைய விலக்குகளை முழுதாகப் புரட்டிப் பார்த்தாளாம். "நெல்சன், இந்த வருஷம் பிப்ரவரிக்கு ஏது இருபத்தொம்பது?" என்று கேட்டாள். பிப்ரவரி 29 வரை என்று தேதி போட்ட விலக்கு ஒன்று இருக்கிறது. வராத அந்த நாளுக்காகக் கணினி பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அந்த விலக்கு முடியவும் இல்லை, யாரும் மறுபடி கேட்கவும் இல்லை, எந்த அறிக்கையிலும் வரவும் இல்லை. அந்த விலக்கு பெற்றது, நாற்பத்து மூன்று கணினிகளையும் தினமும் சோதிக்கும் கணினி. அதை மட்டும் நான்கு மாதமாக யாரும் சோதிக்கவில்லை. காரணம்: பழையது, மாற்ற நேரமில்லை. பொறுப்பு: நெல்சன் பிதெகாயின்.

மேலே எழுதியதைக் கிழித்துப்போட நினைத்தேன். இருக்கட்டும், படித்துச் சிரியுங்கள். கோப்பின் பழைய பெயரைத் திரும்பப் போட்டு, இந்த விலக்கை என் பெயரோடு அறுபது பேருக்கும் என் கையாலேயே அனுப்பிவிட்டேன். ஞாயிறு மதியம் உங்கள் வாசலில் வந்து நிற்பேன். கதவைத் திறப்பது உங்கள் விருப்பம். இருபத்தொன்பதாம் தேதி மட்டும் முகம் காட்டுவதுதானே ஞோக்கியின் வழக்கம்.