குதிரைக்கு ஊற்றிய மூன்றாம் நாள் பால்

அக்கரப்பத்தனை
புதன்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய போதகர் அருள்நேசன் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் தர்ஷன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். தலவாக்கலையில் நீங்களும் மாமியும் மாமியின் முழங்காலும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கூப்பிய கைகள் இரண்டை அனுப்பிவிட்டு மறந்துவிடுவீர்கள். ஆகவே காகிதம்.

சபைச் செயலாளர் நல்லமுத்து ஐயாவின் கடிதம் இதற்கு முன் வந்திருந்தால், அதை மடித்து வைத்துவிட்டு இதை வாசியுங்கள். இன்னும் வராவிட்டால், வரும். அவர் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் சிக்கல்.

எல்லாம் நீங்கள் இரவல் தந்த புரொஜெக்டரில் தொடங்கியது. உங்களைக் குறை சொல்லவில்லை. கம்பஸில் நான் ஒரு கட்டுரை எழுதினேன், தேவதைக் கதைக் கார்ட்டூன் படங்களில் கிறிஸ்துவின் சாயல் பற்றி. பேராசிரியர் ஓரத்தில் 'சுவாரசியம்' என்று எழுதியிருந்தார். மூன்று வருடமாக அந்த ஒரு சொல்லில் உயிர் வாழ்கிறேன். ஆகவே ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டி, இதில் கிறிஸ்து யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். பதினேழு பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐந்து பேர். மற்றவர்கள் படத்துக்காகவும் முடிவில் கிடைக்கும் இனிப்புப் பனிஸுக்காகவும் வருகிறவர்கள். திரைக்கு வெள்ளைத் துணி கிடைக்கவில்லை. மாமி பூவேலை செய்து தந்த திருவிருந்து மேசை விரிப்பை நம் சபைக் கோயில் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். இதை மாமியிடம் பிறகு சொல்லுங்கள்.

படம் இதுதான். ஒரு நீலக் குதிரை. பேசாது. சூனியக்காரியின் கோட்டையிலிருந்து இளவரசியைச் சுமந்து வருகிறது. ஆற்றுப் பாலம் உடைகிறது. குதிரை தண்ணீரில் இறங்கித் தன் முதுகைப் பாலமாகக் கொடுக்கிறது. அவள் கரையேறுகிறாள். குதிரை ஆற்றோடு போய்விடுகிறது. கடைசியில் திரும்பி வரும்.

படத்துக்கு முன்பே விதியைச் சொல்லிவிட்டேன். பிறருக்காகச் சாக வேண்டும். திரும்பி வர வேண்டும். ஆனால் படம் ஓட ஓடப் பிள்ளைகள் எங்கும் கிறிஸ்துவைக் கண்டார்கள். தாடி வைத்த காவற்காரன் கிறிஸ்து. ரொட்டி சுமந்த சமையற்காரன் கிறிஸ்து. திலக்ஷன் எழுந்து, சூனியக்காரிதான் என்றான். ஏன் என்றேன். "அவ ரெண்டு தடவ செத்து ரெண்டு தடவ வந்தா சார்." விதிப்படி அவன் சொன்னது பாதி சரி. கட்டுரையில் சூனியக்காரியைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகு கிருஷாந்தி கையைத் தூக்கினாள். எட்டு வயது. பழனியாண்டியின் மகள். பழனியாண்டியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போன வருடம் தேயிலை மலையில் குளவி கலைந்தபோது, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ராக்காயி அக்காவை மூடிவிட்டு, தான் குளவிகளுக்கு நடுவில் அப்படியே நின்றவர். அக்கா பிழைத்துக்கொண்டார்.

"எங்கப்பா, சார்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா? "படத்துல இருந்து சொல்லும்மா."

இதை நல்லமுத்து ஐயா எழுதியிருக்க மாட்டார். அவருக்குத் தெரியாது.

அவள் உட்கார்ந்தாள். குதிரை தண்ணீரில் போனது. சரியாக அந்த இடத்தில் கரண்டும் போனது. இருட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தோம், வரவில்லை. மிச்சத்தை இன்னொரு நாள் பார்ப்போம், குதிரை வரும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உயிர்ப்பை முன்கூட்டிச் சொன்னால் அதன் தாக்கம் குறையும் என்று கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது. பனிஸைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். விரிப்பைக் கழற்றவில்லை.

நேற்றுச் செவ்வாய். ஞாயிறோடு சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள். ஸ்கூல் விட்டதும் பதினேழு பேரும் வரிசையாகக் கோயிலுக்குள் வந்திருக்கிறார்கள். ஒரு டின் பால், செவ்வந்திப் பூ, பாதித் தேங்காய். பால் ராக்காயி அக்காவின் மாட்டுப் பால். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கறந்து கொடுத்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது விரிப்பில் குதிரை மூழ்கிய இடத்தைக் குறிபார்த்துப் பால் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நல்லமுத்து ஐயா, திறந்த வாயோடு. இது என்ன பூசை என்று அவர் கேட்க, திலக்ஷன் பொறுமையாக விளக்கினான். காமன் கூத்துல எரிஞ்சுபோன காமன மூணாம் நாளு பால் தெளிச்சுத்தானே எழுப்புறாங்க, அது மாதிரி. சார்தான் திரும்பி வரணும்னு சொன்னாரு.

ஐயா என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன்.

மாமா, வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். என் பாடம் அவர்களுக்கு முழுதாக விளங்கியிருந்தது. மூன்றாம் நாள் எழும்புவதைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க அங்கே அதிகம் மிச்சமில்லை.

ஆனால் எல்லோரும் போன பிறகு கிருஷாந்தி நின்றாள். மூடி இல்லாத டின்னைக் கையில் வைத்துக்கொண்டு.

"காமனுக்கு ஊத்துனாங்க, எழும்பிட்டாரு. அப்பாவுக்கும் மூணாம் நாளு குழியில ஊத்துனோம் சார்."

பிறகு, குதிரை எழும்புமா என்று கேட்டாள்.

நான் கரண்டு இல்லை என்றேன். மாமா, கரண்டு இருந்தது. தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருந்தது. அவளும் அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

இதுதான் என் நிலை. மிச்சப் படத்தைப் போட்டால் குதிரை வரும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். இந்தப் பிள்ளை என்னைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு என்னிடம் வசனம் இருக்கிறது, பதில் இல்லை. ஆகவே யோசித்து முடிவெடுத்துவிட்டேன். நல்லமுத்து ஐயா கேட்டபடி படம் போடுவதை நிறுத்துகிறேன். கார்ட்டூன்களில் கிறிஸ்து இல்லை, கட்டுரை தவறு. வகுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள். புரொஜெக்டரை இந்தக் கடிதத்தோடு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டின் மீதும், ஒழுகும் அதன் கூரை மீதும் தங்குவதாக. மாமிக்கு என் அன்பு, மன்னிப்புக் கோரலுடன்.

இப்படிக்குக் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
தர்ஷன்

பி.கு.: இது வியாழன் இரவு. கண்டக்டர் தரும் பையில் புரொஜெக்டரைத் தேட வேண்டாம்.

பின்னேரம் கிருஷாந்தி தனியாக வீட்டுக்கு வந்தாள். "படந்தானே சார், எனக்குத் தெரியும். போடுங்க" என்றாள். பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாளாம், கோயில் வாசலில் நிற்கிறார்களாம். போட்டேன். குதிரை ஆற்றிலிருந்து எழுந்து வந்தது. பதினாறு பேர் கைதட்டினார்கள். பால்தான் காரணம் என்று திலக்ஷன் சொன்னான். நான் மறுக்கவில்லை. பிறகு கிருஷாந்தியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதுதான் சரியான விடை, நான்தான் பிழையாகச் சொன்னேன் என்றேன். அவள் வெறும் விரிப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கப்பாவுக்கு இன்னும் கரண்டு வரல சார். அவ்வளவுதான்."

கட்டுரையைத் திருத்தி எழுதப் போகிறேன். வகுப்பை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பையில் இருப்பது மாமியின் விரிப்பு. இரண்டு தடவை துவைத்தேன். பால் கறை போகவில்லை.