எடுத்தால் திருப்பித் தரவும்

"கட்டளை எதுவும் புரியலன்னு கிருபாவதி சொல்லுது. புரியற மாதிரி நீ எழுதி ஒட்டு" என்று இன்பசேகரனிடம் சொல்லிவிட்டு மேனேஜர் தணிகாசலம் போய்விட்டார்.

எண்பத்தொன்பதில் திருப்பதியில் தொடங்கிய சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி அது. ஒரே மெஷினில் நாலு பேர் சேர்ந்து ஒரு புரோகிராமைப் பல ஃபைல்களாகப் பிரித்து எழுதினார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் அழித்துவிடாமல் காப்பாற்றுவதற்கென்று சில கட்டளைகள் இருந்தன. அவற்றை விளக்கும் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நால்வரில் ஒருத்தியான கிருபாவதி திருத்துவதற்காக எடுத்த ஃபைல் ஒரு வாரமாகத் திரும்பவில்லை. சனிக்கிழமை ரேணிகுண்டா ஃபேக்டரிக்காரர்கள் புரோகிராமைப் பார்க்க வருகிறார்கள். அது ஓடினால்தான் இன்பசேகரனுக்கு வேலை நிரந்தரம்.

'ஒருவர் எடுத்த ஃபைலை, அவர் திருப்பும்வரை வேறு யாரும் எடுக்க முடியாது' என்று தமிழில் எழுதி ஒட்டினான்.

மறுநாள் எல்லோரும் விடியற்காலையிலேயே வந்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல ஆளுக்குக் கொஞ்சம் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

'மாலைக்குள் திருப்பித் தரவும்' என்று சேர்த்தான். அரையும் குறையுமாகத் திருப்பினார்கள். புரோகிராம் ஓடவில்லை.

'முடிக்காமல் திருப்பக் கூடாது' என்று திருத்தினான். யாருமே திருப்பவில்லை.

நாற்காலியில் உட்கார முடியாமல் உலாத்திக்கொண்டே, 'முடிக்க முடியாதவர்கள் ரத்து செய்யவும்' என்று இன்னொரு வரி எழுதினான். அதைப் படித்து, உடன் எழுதும் ஆதிநாராயணன் தான் எடுத்ததை ரத்து செய்தார். எடுத்ததை ரத்து செய்தால் அதில் எழுதியதும் போய்விடும் என்பதை இன்பசேகரன் எழுத மறந்திருந்தான். அவருடைய நாலு நாள் உழைப்பு அழிந்தது. அவர் திட்டவில்லை, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார். இன்பசேகரனுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

தணிகாசலம் ஃபேக்டரிக்கு போன் செய்து, கரண்ட் இல்லை என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். இதுதான் கடைசி என்று அவனிடம் சொன்னார்.

இன்பசேகரன் புதுக் காகிதத்தோடு கிருபாவதி பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"கோச்சிக்காம சொல்லு. புஸ்தகத்துல எந்த எடம் உனக்குப் புரியல? அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"புஸ்தகம் நல்லாவே புரிஞ்சுதுண்ணா. வேலை முடியல, அதான் ஃபைலைக் கையிலயே வெச்சிக்கினு புரியலன்னு பொய் சொன்னேன். நீங்க எழுதினதைப் படிச்சப்புறம்தான் நெஜமாவே ஒண்ணும் புரியல."