இரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவில் பெய்த மழை

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் மைத்துனியும் குழந்தையும் உடல் நலத்தோடு இருக்கிறோம். மன நலம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு அனைவரும் இரண்டு வகையிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதினோரு ஆண்டுகளாகத் தங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. கடைசியாக எழுதியதும் தங்களுக்கு அல்ல, தங்களைப் பற்றி, நம் மேலதிகாரிக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். நான் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அது வேறு விஷயம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாங்கள் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் குழுவில் இருக்கிறீர்கள். என் மகளை இரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவிலிருந்து ‘ஆ’ பிரிவுக்கு மாற்றும்படி தலைமையாசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “எங்க அத்தான்கிட்ட கேளுங்க, கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?” என்று தங்கள் மைத்துனி மூன்று நாளாகக் கேட்கிறாள். குறைந்துதான் போவேன் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

காரணம் ஒரு வெட்டப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில். அந்த வகுப்பு டீச்சர் பருவத்துக்குப் பருவம் பிள்ளைகளைக் கத்தரியும் பசையுமாக உட்கார வைத்துவிடுவார். வெயில் காலத்தில் காகித விசிறி, காற்றுக் காலத்தில் காற்றாடி. மழைக்காலம் என்றால் பேப்பர் தட்டில் குடை, பஞ்சில் மேகம், போதாததற்கு ஒரு மழைமானி. பாட்டிலின் தலையை வெட்டித் தலைகீழாக அதற்குள்ளேயே செருகி, பக்கத்தில் அடிக்கோலை டேப் போட்டு ஒட்டி, முற்றத்தில் செடித்தொட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு குழந்தை மழைப் பொறுப்பாளர். அதற்கு அட்டையில் நீல நிற பேட்ஜ் உண்டு. தினமும் காலையில் பொறுப்பாளர் போய்க் குனிந்து பார்த்து அளவைச் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நீலத் துளி. பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து காகிதத்தில் துளிகளை வெட்ட, பொறுப்பாளர் அவற்றைச் சுவரில் உள்ள சார்ட்டில் நாளுக்கு ஒரு வரிசையாக ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். டீச்சருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கண்ணால் பார்த்ததை மட்டும் ஒட்டு. நம் அலுவலகத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு கிடையாது என்பது தங்களைவிட யாருக்குத் தெரியும்.

என் மகளுக்கு முந்தைய வாரம் பொறுப்பாளராக இருந்த பெண்ணுக்கு அடித்துக்கொண்டு பெய்தது. ஐந்து நாளில் நாற்பத்து நான்கு துளி. என் மகள் பேட்ஜை மாட்டிக்கொண்ட திங்கட்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. திங்கள் பூஜ்யம், செவ்வாய் பூஜ்யம், புதன் பூஜ்யம். வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். “என்னம்மா?” என்றேன். “என் வாரத்துல சுவரே தெரியுதுப்பா. எல்லார் வாரத்துலயும் துளி இருக்கு. மழைக்கு என்னைப் பிடிக்கல” என்றாள். இருபத்திரண்டு வருடமாக மழையை அளந்தும் ஆவணப்படுத்தியும் வருகிற ஒருவனிடம் வந்து சொல்கிறாள். மழைக்கு யாரையும் பிடிக்காது, அதற்கு அப்படி ஒரு குணம் கிடையாது என்று விளக்கினேன். அழுகை அதிகமாயிற்று.

எனவே வெள்ளிக்கிழமை காலை அவளை நானே பள்ளியில் கொண்டுபோய் விட்டேன். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றியவள் பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள். முற்றத்தில் ஒருவரும் இல்லை. பையின் பக்கவாட்டில் அவளுடைய தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் நினைத்தது ஐந்து மில்லிமீட்டர், தாங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும். கௌரவமான, யாரையும் உறுத்தாத, அந்தப் பருவத்துக்குப் பொருத்தமான ஐந்து. சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன். மூன்றாவது சொட்டில் மூடி கழன்றுகொண்டது. மொத்தத் தண்ணீரும் மடமடவென்று இறங்கிவிட்டது. அதிகப்படியை வெளியே கொட்டலாம் என்று குனியும்போது காவலாளி வந்துவிட்டார். “என்ன சார், என்ன பண்றீங்க?” “செடி பார்க்கிறேன்.” “பார்த்தாச்சா?” “பார்த்தாச்சு.” “அப்ப கிளம்புங்க சார், மணி அடிக்கப் போறாங்க.” காலி பாட்டிலைப் பையில் செருகி, பையை வகுப்பு வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அறுபத்தொரு மில்லிமீட்டர், சகலை. நம் இருவருடைய பணிக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரே இரவில் அவ்வளவு பெய்தது நான்கு முறைதான். அன்று கணக்கு வகுப்பு நடக்கவில்லை, வாசிப்பு வகுப்பு நடக்கவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் மதியம்வரை துளி வெட்டியிருக்கிறார்கள். நீலக் காகிதம் தீர்ந்து, பஞ்சு மேகத்துக்கு வைத்திருந்த சாம்பல் நிறக் காகிதத்திலும் வெட்டியிருக்கிறார்கள். விரல் வலி எடுத்த பிறகு வெட்டியவை சில மீனைப் போலவும் சில மிளகாயைப் போலவும் இருந்தன. சார்ட் முப்பது துளியோடு முடிந்துவிட்டதால் மேலே இன்னொரு சார்ட்டை ஒட்டி, டீச்சர் ஸ்டூல் மேல் ஏறி, என் மகள் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து, கடைசித் துளி மின்விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்த அழகைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். “அப்பா, அறுபத்தொண்ணு! யாருக்கும் இவ்ளோ வந்ததில்ல!” தங்கள் மைத்துனி என்னைப் பார்த்தாள். “நேத்து ராத்திரி மழையா பெஞ்சுது? மொட்டை மாடியில துணி காஞ்சு கிடந்துச்சே?” நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் அவர் அந்த டீச்சரே அல்ல. பத்தடி தள்ளி ‘ஆ’ பிரிவின் பாட்டில் இருக்கிறது, அதில் பூஜ்யம். திங்கட்கிழமை இதையே பாடமாக எடுத்துவிட்டார். ஏன் இப்படி? பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். மேகம் சின்னது, ‘அ’ பிரிவுக்கு மேலே மட்டும் நின்றது. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. ஒரு யானை. ஒரு காரணத்தையும் டீச்சர் தள்ளிவிடவில்லையாம். எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு, “யாரைக் கேட்டா தெரியும்?” என்றாராம். என் மகள் எழுந்து, “எங்க அப்பா மழை ஆபீஸ்ல இருக்காங்க டீச்சர். அவங்களுக்கு எல்லாம் தெரியும்” என்றிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதியனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடமாக ஆவண அறையில் உட்கார்ந்திருக்கிற என்னை நிபுணர் என்று ஒருவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முழங்கால் முகவாயில் இடிக்கும் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். என் மகள் முதல் வரிசையில், பேட்ஜோடு. அவளுடைய வாரம் முடிந்துவிட்டிருந்தது, ஆனாலும் அன்று மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கியிருந்தாள். ஒரே ஊரில் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாமல் போவது உண்டு என்று ஆரம்பித்தேன். அதில் பொய் இல்லை. பத்தடியிலும் அப்படி நடக்கலாம் என்றேன். அதில் இருந்தது. “அப்போ தொட்டி மண்ணு ஏன் சார் காஞ்சிருந்துச்சு?” என்று இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி கேட்டது. மண் உறிஞ்சிவிடும் என்றேன். “இலையும் உறிஞ்சுமா?” என்றது. டீச்சர் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் மகள் கையைத் தூக்கினாள். “டீச்சர், அன்னிக்கு என் தண்ணி பாட்டில் காலியா இருந்துச்சு. நான் குடிக்கவே இல்ல.” சொல்லி முடிக்கும்வரை அவளுக்கே அது என்னவென்று தெரியாது. கண்ணால் பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு பேரும் பார்த்தார்கள், அதை விடுங்கள். இவள் பார்த்தாள்.

“நான்தான் ஊத்தினேன்” என்றேன். வேறு என்ன சொல்ல? டீச்சர், “நன்றி சார்” என்று சொல்லிவிட்டுப் பலகையில் யானைக்குக் கீழே ‘அப்பா’ என்று எழுதினார்.

இப்போது என் குறையைக் கேளுங்கள். அந்த அறுபத்தொரு துளிகளையும் பிய்த்துப் போட்டிருக்கலாம் அல்லவா? மாட்டாராம். அந்த வகுப்பில் ஒட்டியதைப் பிய்ப்பதில்லையாம். தவறு என்றால் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் முறையாம். எனவே சுவரின் பாதியிலிருந்து மின்விசிறிவரை அது அப்படியே நிற்கிறது. அடியில் ஓர் அட்டையில் ‘இது மழை இல்லை’ என்று என் மகளின் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஜன்னல் தெருவைப் பார்த்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றால் தெளிவாகத் தெரிகிறது. வாசலில் பிள்ளைகள், “மழை அங்கிள் வர்றாருடா, பாட்டிலை மூடுங்கடா” என்கிறார்கள். அடுத்த மாதம் எல்லாப் பெற்றோரும் வந்து பார்க்கும் நாள் வேறு இருக்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன், நான் பொறுத்துக்கொண்டவன்தான். செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்றுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் அம்மாவிடம் திரும்பி, “வேணும்னு சொல்லு” என்கிறாள். காலையில் கிளம்பும்போது தன் தண்ணீர் பாட்டிலை என் கைக்கு எட்டாத பக்கமாக மாற்றி வைக்கிறாள். அந்தச் சுவரின் அடியில் தினமும் உட்கார்ந்திருக்கும்வரை இது மாறாது. அதனால்தான் ‘ஆ’ பிரிவு.

தாங்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் மழைமானி இருக்கும் பக்கமே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று எழுதியவர் மேல் புகார் கொடுத்தவன், இன்று அறுபத்தொன்றில் மாட்டிக்கொண்டான் என்று. இரண்டும் ஒன்றல்ல. தாங்கள் பெய்யாத மழையை எழுதினீர்கள். நான் பெய்யாத மழையை ஊற்றினேன். அதை எழுதியவர்கள் உள்ளதைத்தான் எழுதினார்கள். மேலும் தங்களுக்கு அதன் பிறகு பதவி உயர்வு கிடைத்தது. எனக்கு ஓர் அட்டை கிடைத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தலைமையாசிரியையிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள். தங்கள் கால்வலி தேவலை என்று தங்கள் மைத்துனி சொன்னாள். மகிழ்ச்சி, எவ்வளவு தேவலை என்று தெரியாவிட்டாலும். எல்லோரும் நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும் என்று மனப்பூர்வமாக வாழ்த்தும்,

தங்கள் சகலை.

பின்குறிப்பு: தலைமையாசிரியையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடியபோது அது மகளின் பையில்தான் இருந்தது. கேட்க வாயில்லாமல் கடிதத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். அவள் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிடுங்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முடித்துவிட்டு, “‘ஆ’ பிரிவுக்கா? எதுக்கு?” என்றாள். என்னிடம்தான் கேட்டாள், அம்மாவிடம் அல்ல. “நான் போக மாட்டேன். அடுத்த வாரம் இலை வாரம். உதிர்ந்த இலைக்கு நான்தான் பொறுப்பு. புதன்கிழமை வீட்டிலேர்ந்து ஒரு ஆள் கூட வரணும்.” அம்மா வரட்டுமே என்றேன். “அம்மாவுக்கு லீவு இல்ல. நீ வா. ஆனா எதையும் தொடக்கூடாது. கையைப் பின்னாடி கட்டிக்கணும். இலை உதிரலைன்னா உதிரலை, நீ உலுக்கக் கூடாது.” சரி என்றேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தால் அதற்கும் விடவில்லை. எழுதியது எழுதியதுதான், தவறு என்றால் பக்கத்தில் எழுதி அனுப்பு என்கிறாள். எனவே அனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்காததாகக் கருதவும். புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. மரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று கேட்டேன். நாளைக்குப் போய் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாளாம்.